நூறு மெகாபிட் எங்கே போகிறது?

நூறு மெகாபிட் திட்டத்துக்கு மாதாமாதம் பணம் கட்டும் வீட்டில், ஒரு பெரிய கோப்பு நொடிக்கு 300 கிலோபைட் என்று ஊர்ந்துகொண்டிருக்கும். அதே நேரத்தில் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 94 என்று காட்டும். கால் சென்டரில் கேட்டால் "எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது, உங்கள் கணினியைப் பாருங்கள்" என்பார்கள். கணினிக் கடைக்காரர் விண்டோஸை மறுபடி போடச் சொல்வார். வீட்டுக்கு வரும் லைன்மேன் ரவுட்டரை அணைத்துப் போட்டுவிட்டுப் போவார். மூவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் நீண்ட பாதையில் தமக்குத் தெரிந்த ஒரு துண்டை மட்டும் பார்க்கிறார்கள். முழுப் பாதையையும் பார்க்க வேண்டியவர் அந்த வீட்டுக்காரர். அவருக்கு அதைச் சொல்லித்தர ஆள் இல்லை என்பதுதான் எனக்கு இதில் பெரிய குறையாகப் படுகிறது.

ஒரு கோப்பு நம்மிடம் வந்து சேர்வதற்குள் பலமுறை கைமாறுகிறது. எங்கோ ஒரு சர்வரின் வட்டிலிருந்து கிளம்பி, கடலடிக் கேபிளிலோ உள்நாட்டு நெடுந்தூர ஃபைபரிலோ ஓடி, நம் சேவை நிறுவனத்தின் மையத்துக்கு வருகிறது. அங்கிருந்து தெருவில் இருக்கும் ஸ்ப்ளிட்டர், வீட்டுச் சுவரில் மாட்டிய ஓஎன்டி பெட்டி, ரவுட்டர், வைஃபை, கணினியின் நெட்வொர்க் கார்டு, ஆன்டிவைரஸ், கடைசியாக நம் ஹார்டு டிஸ்க். இவற்றில் எது மிக மெதுவாக இயங்குகிறதோ அதுதான் மொத்த வேகத்தையும் தீர்மானிக்கிறது. மற்ற எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கினாலும் ஒரு கிலோபைட்கூடக் கூடாது. திட்டத்தை 100இலிருந்து 300க்கு உயர்த்திய பிறகும் கோப்பு அதே வேகத்தில் இறங்குகிறது என்றால், தடை திட்டத்தில் இல்லை என்று பொருள். எப்படி வேகமாக்குவது என்று கேட்பதற்கு முன்னால் எந்தத் துண்டில் தடைபடுகிறது என்று கேட்க வேண்டும். அதற்கு அளந்து பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

அளப்பதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. நிறுவனங்கள் வேகத்தை மெகாபிட்டில் விற்கின்றன. பிரவுசர் பெரும்பாலும் மெகாபைட்டில் காட்டுகிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே 100 மெகாபிட் என்பது நொடிக்கு 12.5 மெகாபைட். ஒவ்வொரு பாக்கெட்டோடும் முகவரி முதலிய தலைப்புத் தகவல்களும் பயணிப்பதால் அதில் ஐந்து சதவீதத்துக்கு மேல் கழிந்துவிடும். ஆக, நொடிக்கு 11 மெகாபைட்டுக்கு மேல் வந்தால் 100 மெகாபிட் திட்டம் முழுதாகவே கிடைக்கிறது. 5 ஜிகாபைட் கோப்பு ஏழெட்டு நிமிடங்களில் இறங்கும். இந்தக் கணக்கோடு பல புகார்கள் முடிந்துவிடும். முடியாத புகார்களைப் பற்றித்தான் மேலே பேச வேண்டும்.

இந்தப் பிரச்சினையில் பழைய ஆலோசனைகள் இன்னும் உயிரோடு உலவுகின்றன. 2004ஆம் ஆண்டு பிராட்பேண்ட் கொள்கை நொடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே அதை பிராட்பேண்ட் என்றது. 2023இல்தான் அந்தக் கீழ்வரம்பு 2 மெகாபிட் ஆனது. பிஎஸ்என்எல் 2005இல் கொண்டுவந்த பிராட்பேண்டில், இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை இறக்குவது கணக்கில் சேராத திட்டம் ஒன்று இருந்தது. அலாரம் வைத்து எழுந்து டவுன்லோடு போட்டவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். அன்று தொலைபேசியின் செம்புக் கம்பிதான் எல்லாவற்றையும் சுமந்தது. எக்சேஞ்சிலிருந்து வீடு தள்ளிப்போகப் போக வேகம் விழும். மழை பெய்தால் இணைப்புப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி லைன் துண்டிக்கும். தடை பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே இருந்தது, வீட்டுக்காரரால் அங்கே எதுவும் செய்ய முடியவில்லை. செய்ய முடிந்த ஒரே இடம் கணினி என்பதால் அதை நோண்டும் குறிப்புகள் பெருகின.

அவற்றில் மிகப் பரவலானது, விண்டோஸ் 20 சதவீத வேகத்தைத் தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறது, அதை விடுவிக்க வேண்டும் என்பது. அந்த ஒதுக்கீடு, முன்னுரிமை கேட்கும் நிரல் ஏதாவது இயங்கும்போது மட்டுமே செயல்படும். அப்படி எதுவும் கேட்காத நேரத்தில் முழு வேகமும் எல்லோருக்கும் கிடைக்கும். மைக்ரோசாஃப்டே இதை விளக்கியும் நம்பிக்கை மாறவில்லை. இது பயனற்ற குறிப்பு, அவ்வளவுதான். கெடுதலான குறிப்பு வேறொன்று இருக்கிறது. விஸ்டாவிலிருந்து விண்டோஸ், தூரத்துக்கும் வேகத்துக்கும் ஏற்ப டிசிபியின் ஏற்புச் சாளரத்தை, அதாவது ஒப்புகைக்குக் காத்திராமல் ஒரு சுற்றில் வரக்கூடிய தரவின் அளவை, தானே விரித்துக்கொள்கிறது. ஆட்டோ-ட்யூனிங் என்று பெயர். அதை அணைத்தால் இணையம் வேகமாகும் என்ற அறிவுரையைக் கேட்டு அணைத்தவர்கள் பலர். அணைத்தால் சாளரம் 64 கிலோபைட்டில் நின்றுவிடும். அமெரிக்காவில் இருக்கும் சர்வருக்குப் பாக்கெட் போய்ப் பதில் திரும்ப 220 மில்லிநொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்கு 64 கிலோபைட் வீதம் நொடிக்கு 300 கிலோபைட்டுக்கு மேல் வரவே வராது, திட்டம் 100 ஆனாலும் 1000 ஆனாலும். பக்கத்தில் இருக்கும் ஸ்பீடு டெஸ்ட் சர்வரோ சில மில்லிநொடிகளில் பதில் தருவதால் பல இணைப்புகளைச் சேர்த்து 94ஐக் காட்டிவிடும். முதல் பத்தியில் சொன்ன முரண்பாடு இப்படியும் நேரலாம். பழைய கணினியில் யாரோ எப்போதோ "ஸ்பீடு" மென்பொருள் போட்டிருந்தால் முதலில் இந்த அமைப்பைத்தான் பார்க்க வேண்டும். அது 'நார்மல்' என்று இருக்க வேண்டும்.

இப்போது ஃபைபர் வீட்டு வாசல் வரை வந்துவிட்டது. அதோடு தடையும் இடம்பெயர்ந்திருக்கிறது. ஃபைபர் இணைப்புள்ள வீட்டில் தேடலைக் கடைசிப் பத்து மீட்டரிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. இதைச் சோதிக்க ஒரு லேன் ஒயர் போதும். கணினியை ரவுட்டரோடு நேரடியாக ஒயரில் இணைத்து அதே கோப்பை அதே நேரத்தில் இறக்கிப் பாருங்கள். வேகம் எகிறினால் குற்றவாளி வைஃபை. எகிறாவிட்டால் வைஃபையை விட்டுவிடலாம். இந்த ஒரு சோதனை பாதி வாதங்களைத் தீர்த்துவிடும். கால் சென்டரில் பேசுவதற்கு முன் இதைச் செய்யாதவர் தன் நேரத்தையே வீணாக்குகிறார்.

ஒயரிலும் கண்ணி உண்டு. கணினியின் நெட்வொர்க் அமைப்பில் லிங்க் ஸ்பீடு 1000 என்று இருக்கிறதா, 100 என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜிகாபிட் வேகத்துக்கு லேன் ஒயருக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100க்கு இரண்டு ஜோடி போதும். ஒரே ஒரு கம்பி அறுந்தாலோ, கிரிம்ப் செய்தவர் ஒரு முனையைச் சரியாகச் செருகாவிட்டாலோ, இணைப்பு சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். செம்புப் பூச்சு பூசிய அலுமினிய ஒயர்கள் மலிவாகக் கிடைக்கின்றன, அவை எளிதில் ஒடிகின்றன. மலிவான ஓஎன்டி பெட்டிகளில் இரண்டு லேன் துளைகள் இருந்தால் ஒன்று ஜிகாபிட்டாகவும் மற்றது 100 மெகாபிட்டாகவும் இருப்பது சகஜம். 300 மெகாபிட் திட்டத்துக்கு மாறிய வீட்டில் ஒயர் தவறான துளையில் இருந்தால் 94க்கு மேல் ஏறாது. மாற்றிச் செருக ஒரு நிமிடம் ஆகும். அதைக் கண்டுபிடிக்கத்தான் மாதக்கணக்காகிறது.

வைஃபையில் இரண்டு அலைவரிசைகளை அறிந்திருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர்களை ஓரளவு ஊடுருவும், ஆனால் அங்கே ஒன்றையொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது வீட்டு ரவுட்டர்கள் அந்த மூன்றில் நெருக்கியடிக்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் அங்கேதான் இயங்குகின்றன. யுஎஸ்பி 3.0 வட்டுகளும் அவற்றின் கேபிள்களும் இதே அலைவரிசையில் இரைச்சலைக் கசியவிடுவதை இன்டெல் 2012இல் வெளியிட்ட அறிக்கையில் விளக்கியது. லேப்டாப்பின் பக்கத்தில் வெளி வட்டைச் செருகியதும் வைஃபை தளர்ந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், ஆனால் நம் ஊர்ச் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் அதை வேகமாகத் தின்றுவிடும். இரும்பு பீரோவுக்குப் பின்னால் ரவுட்டரை வைத்துவிட்டு மாடியில் சிக்னல் இல்லை என்று வருந்துவதில் பயனில்லை.

இன்னொரு விஷயம் பலருக்கும் தெரியாதது. வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். கோடியறையில் இருந்து பலவீனமான சிக்னலில் மெதுவாகப் பேசும் ஒரு பழைய கைபேசி, மற்றவர்கள் பேச வேண்டிய நேரத்தையும் எடுத்துக்கொள்கிறது. பக்கத்திலேயே இருக்கும் வேகமான கணினியும் அந்த அளவுக்குத் தாழ்ந்துபோவதை 2003இலேயே பிரெஞ்சு ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். அதனால் "என் கணினி ரவுட்டருக்கு அருகில்தான் இருக்கிறது" என்ற வாதம் போதாது. வீட்டில் வேறு எது இணைந்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். சிக்னலை நீட்டிக்க வாங்கும் ரிப்பீட்டர்களில் பல, அதே சேனலில் வாங்கி அதே சேனலில் திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். ஒரு ஒயர் இழுத்து இரண்டாவது ஆக்சஸ் பாயின்ட் வைப்பதுதான் நிலையான தீர்வு.

கணினிக்குள் பார்க்க வேண்டியது அதிகமில்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்து, கோப்பு இறங்கும்போது டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். பழைய ஹார்டு டிஸ்க் உள்ள கணினியில் ஆன்டிவைரஸ் ஸ்கேனும் அப்டேட்டும் சேர்ந்தால் தடை அங்கேயே இருக்கும். ஸ்டீம் போன்ற தளங்களில் கேம் இறங்கும்போது சுருக்கிய கோப்பு உடனுக்குடன் விரிக்கப்படுவதால் பிராசஸரும் டிஸ்க்கும் மூச்சுவாங்கும், இணையம் காத்திருக்கும்.

ஆனால் பதிவேற்றத்தை யாரும் நினைப்பதில்லை. கோப்பு இறங்கும்போது "வந்து சேர்ந்தது" என்ற ஒப்புகைகள் எதிர்த் திசையில் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் திசையில் புகைப்படங்கள் கிளவுடுக்கு ஏறிக்கொண்டிருந்தால், சிசிடிவி கேமரா படம் அனுப்பிக்கொண்டிருந்தால், விண்டோஸ் 10 முதல் இருக்கும் டெலிவரி ஆப்டிமைசேஷன் நம் கணினியிலிருந்து பிறருக்கு அப்டேட்டைப் பகிர்ந்துகொண்டிருந்தால், ஒப்புகைகள் ரவுட்டரின் நினைவகத்தில் வரிசையில் நிற்கும். அவை தாமதிக்க, இறக்கமும் தாமதிக்கும். பதிவேற்ற வேகம் குறைவாகத் தரப்படும் இணைப்புகளில் இது கடுமையாகத் தெரியும். ரவுட்டர்களும் மோடம்களும் தேவைக்கு மேல் பெரிய வரிசைகளை வைத்திருப்பதால் வரும் இந்தத் தாமதத்துக்கு ஜிம் கெட்டிஸ் 2010 வாக்கில் பஃபர்புளோட் என்று பெயரிட்டு உலகின் கவனத்தை ஈர்த்தார். கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேகப்சனும் 2012இல் வெளியிட்ட கோடெல் முறை வரிசையைக் குட்டையாக வைத்திருக்கும் வழியைக் காட்டியது. ஓபன்டபிள்யூஆர்டி என்ற மென்பொருள் போடத்தக்க ரவுட்டர்களில் அதன் வழிவந்த முறைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. வீட்டில் இது இருக்கிறதா என்று அறிவது எளிது. எதுவும் ஓடாதபோது ஒரு வெளிச் சர்வருக்கு, பதில் திரும்பும் நேரத்தை அளக்கும் பிங் போடுங்கள். பிறகு ஒரு பெரிய வீடியோவை மேலேற்றிக்கொண்டே போடுங்கள். 10 மில்லிநொடி 400 ஆனால் விடை கிடைத்துவிட்டது.

வான் ஜேகப்சன் பெயர் வந்ததால் ஒரு பழைய செய்தியைச் சொல்ல வேண்டும். 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே, வெறும் 400 கஜத் தூரத்தில், இணைய வேகம் நொடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. கம்பி எதுவும் அறுந்திருக்கவில்லை. தொலைந்த பாக்கெட்டுகளை எல்லாக் கணினிகளும் அவசரமாக மறுபடி மறுபடி அனுப்பியதில் பாதை அடைபட்டது. அதை ஆராய்ந்த ஜேகப்சன், பாக்கெட் தொலைந்தால் நெரிசல் என்று எடுத்துக்கொண்டு அனுப்புபவர் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்ற ஒழுங்கை 1988இல் முன்வைத்தார். இணையம் பிழைத்தது அதனால்தான். வீட்டில் நாம் காணும் மந்தத்தில் ஒரு பகுதியும் அதிலிருந்தே வருகிறது. பலவீனமான வைஃபையிலோ அழுக்குப் படிந்த ஃபைபர் முனையிலோ பாக்கெட் தொலைந்தாலும் சர்வர் அதை நெரிசல் என்று எண்ணி வேகத்தைக் குறைக்கிறது.

எவ்வளவு குறையும் என்பதற்கு 1997இல் மாத்யூ மாதிஸும் உடன் ஆய்வாளர்களும் ஒரு சூத்திரம் தந்தார்கள். போய்வரும் நேரம் 50 மில்லிநொடி, நூற்றில் ஒரு பாக்கெட் இழப்பு என்றால், ஜேகப்சன் வழிவந்த பழைய முறையில் ஓர் இணைப்பு நொடிக்கு 3 மெகாபிட்டைக்கூடத் தொடாது. இன்றைய க்யூபிக், பிபிஆர் முறைகள் இதைவிடத் தாக்குப்பிடிக்கும். ஆனாலும் ஒரு சதவீத இழப்பு சின்ன விஷயமில்லை. தூரம் கூடினால் அதே இழப்பு இன்னும் அதிகமாகத் தண்டிக்கும். ஒரே கோப்பைத் துண்டுகளாகப் பிரித்துப் பல இணைப்புகளில் இறக்கும் டவுன்லோடு மேனேஜர்கள் பலன் தருவதன் காரணமும் இதுதான்: கட்டுப்பாடு ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனியாக விழுகிறது. பழைய தமிழ் நூல்களின் ஸ்கேன்களைச் சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவிலிருந்து இறக்குவோர் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அங்கே டோரண்ட் வழியும் உண்டு. மேனேஜர் போட்டதும் வேகம் பலமடங்கானால், தடை தூரத்திலோ இழப்பிலோ சர்வரின் ஒதுக்கீட்டிலோ இருக்கிறது, நம் இணைப்பின் அகலத்தில் இல்லை என்பது நிரூபணம்.

டிஎன்எஸ்ஸை மாற்றுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். 8.8.8.8, 1.1.1.1 போன்றவை பெயரை முகவரியாக மாற்றித்தரும், அதோடு அவற்றின் வேலை முடிந்தது. இறங்கத் தொடங்கிய கோப்பின் வேகம் அதனால் கூடாது. எந்த சர்வரிலிருந்து இறங்குகிறது என்பது மட்டும் மாறலாம். பெரிய தளங்கள் தம் கோப்புகளைச் சென்னையிலும் மும்பையிலும் நகலெடுத்து வைத்திருக்கின்றன. டிஎன்எஸ் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அருகில் உள்ள நகலுக்கு அனுப்புகின்றன. நிறுவனத்தின் சொந்த டிஎன்எஸ்ஸை விட்டு வெளியே போனால் சில நேரம் தொலைவான நகல் வாய்க்கும். மாற்றிப் பார்ப்பதில் தவறில்லை, அளக்காமல் மாற்றுவதுதான் தவறு.

வீட்டுக்கு வெளியே வருவோம். இன்று பெரும்பாலான வீடுகளுக்கு வரும் ஜிபான் ஃபைபரில் நொடிக்கு 2.488 ஜிகாபிட் இறங்குதிசைத் திறன் உண்டு. அதை 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. எல்லோரும் ஒரே நொடியில் முழுமூச்சாக இறக்கினால் 32 வீடுகளில் ஒவ்வொன்றுக்கும் 78 மெகாபிட் கிடைக்கும். அப்படி நடப்பது அரிது என்பதால் இந்த ஏற்பாடு நியாயமானதே. தெருவுக்கு வரும் முன்பே, கேபிள் ஆபரேட்டர் தன் மேல்நிலை நிறுவனத்திடம் வாங்கும் மொத்தத் திறன் குறைவாக இருக்கும்போதுதான் இரவு எட்டு மணிக்கு மேல் எல்லா வீட்டிலும் வேகம் விழுகிறது. அதிகாலையில் நன்றாக இருந்து இரவில் மட்டும் தளர்ந்தால் வீட்டுக்குள் தேடுவதை நிறுத்திவிடலாம். எந்த நேரமும் தளர்வாக இருந்தால் ஓஎன்டியின் அமைப்புப் பக்கத்தில் ஒளியின் அளவைப் பாருங்கள். மைனஸ் 27 டிபிஎம்முக்குக் கீழே போனால் ஃபைபர் எங்கோ மடங்கியிருக்கிறது அல்லது இணைப்பு முனையில் அழுக்கு. கதவிடுக்கில் நசுங்கியும் மரக்கிளையில் உரசியும் தொங்கும் ஃபைபர் நம் தெருக்களில் சாதாரணக் காட்சி. மாதக் கடைசியில் மட்டும் தளர்ந்தால் திட்டத்தின் டேட்டா வரம்பு தீர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "அன்லிமிடெட்" என்ற பெயரில் விற்பதிலும் 3,300 ஜிகாபைட் போன்ற வரம்பு பல திட்டங்களில் உண்டு.

இந்தியத் தளங்கள் வேகமாகவும் வெளிநாட்டுத் தளங்கள் மட்டும் மந்தமாகவும் இருந்தால் கடலைப் பார்க்க வேண்டியிருக்கும். 2008 ஜனவரியில் எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே கேபிள்கள் அறுந்தபோதும், 2025 செப்டம்பரில் செங்கடலில் ஜெட்டா அருகே அறுந்தபோதும் இந்தியாவின் மேற்குத் திசைப் போக்குவரத்து தடுமாறியது. இவ்விரண்டிலும் பாதிக்கப்பட்ட சீ-மீ-வீ 4 சென்னையிலும் கரையேறும் கேபிள். அந்த நாட்களில் விண்டோஸை மறுபடி போட்டு எந்தப் பயனும் இல்லை.

பாக்கெட் இழப்பு எங்கே என்று தேடுபவர் முதலில் தன் ரவுட்டருக்குப் பிங் போட வேண்டும். பிறகு நிறுவனத்தின் முதல் முகவரிக்கு, பிறகு வெளியே. ரவுட்டருக்கே இழப்பு இருந்தால் குற்றம் வீட்டுக்குள். பாதையின் ஒவ்வொரு கட்டத்தையும் காட்டும் ட்ரேஸ்ரூட்டில் நடுவே ஒரு கட்டத்தில் மட்டும் இழப்பு காட்டி, அதற்கு அப்பால் இல்லையென்றால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். பிங்குக்குப் பதில் சொல்வது ரவுட்டர்களுக்குக் கடைசி வேலை. அந்த வரியைப் படமெடுத்து அனுப்பிப் புகார் செய்பவர்களின் நியாயமான புகாரும் அதனால் ஒதுக்கப்பட்டுவிடுகிறது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2006இல் வகுத்த தர விதிகள், நிறுவனத்தின் மையத்திலிருந்து வாடிக்கையாளர் வரை, வாங்கிய வேகத்தில் 80 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்றன. அந்த அளவுகோல் நிறுவனத்தின் மையம் வரைக்கும்தான் பொருந்தியது. கலிஃபோர்னியா சர்வர் வரைக்கும் நிறுவனம் உறுதி தரவில்லை. எனவே புகாருக்கான அளவீடு, ஒயரில் இணைத்த கணினியில், வேறு எதுவும் ஓடாதபோது, அருகிலுள்ள சர்வருக்கு எடுத்ததாக இருக்க வேண்டும். காலை, மாலை, இரவு என்று சில நாட்கள் நேரத்தோடு குறித்து, லிங்க் ஸ்பீடையும் ஒளி அளவையும் பிங் இழப்பையும் பக்கத்தில் எழுதினால் ஒரு தாள்தான் வரும். அதை வைத்துப் பேசும்போது "கணினியைப் பாருங்கள்" என்ற பதில் எடுபடாது. புகார் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். டிராய் தனிநபர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை என்பதால் அந்த எண் இல்லாமல் அடுத்த படிக்குப் போக முடியாது. லைன்மேனிடம் வாய்வார்த்தையாகச் சொன்னது எந்தக் கணக்கிலும் ஏறாது.